என் பூச்சியைப் பார்க்கப் போகிறேன்

தம்பி, அந்தக் கேரட்டைக் கடிக்காதீங்க.

கோபப்படாதீங்க. உங்கள் கேரட், உங்கள் பல். எனக்கென்ன வந்தது. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில், தள்ளுவண்டியில்தானே வாங்கினீங்க? தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைத்திருந்தானே, அவனிடம்தானே? அது எந்தத் தண்ணீர் என்று கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. நானும் ஒரு ஆயுசு முழுக்கத் தண்ணீர் தெளித்து விற்றவன்தான். ஒரு மனுஷன் கேட்டதில்லை.

பைக்குள் வையுங்க. வீட்டுக்குப் போய்க் கழுவி, தோல் சீவி, பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க. ஆங், அப்படி.

நான் எங்கே போகிறேன் தெரியுமா? மெடிக்கல் காலேஜுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறேன். அங்கே என் பூச்சி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மடியில் இருக்கிற கொத்தமல்லி அங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்கு. வெறுங்கையோடு போகலாமா? போகிற வழியிலேயே கட்டுக் கட்டிவிடலாம் என்று உதிரியாக எடுத்து வந்துவிட்டேன். கட்டிக்கொண்டே சொல்கிறேன். வாயில் வாழைநார் இருப்பதால் பேச்சு கொஞ்சம் குழறும், பொறுத்துக்கொள்ளுங்க. நாரைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். காலடியில் தூக்குவாளி இருக்கிறது, தட்டிவிடாதீங்க. அதில்தான் நார் ஊறுகிறது.

என் பெயர் சோணைமுத்து. சாந்தலூர் தினசரி மார்க்கெட்டில் போய்ச் சோணைமுத்து என்று கேட்டால் எவனும் முழிப்பான். 'தொட்டிக்காரர்' என்று கேளுங்க, சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். அந்தத் தொட்டி ஜட்கா வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி. குதிரைகள் போனபிறகு என் அப்பா அதை மார்க்கெட்டுக்குப் பின்னால் உருட்டி வந்து வைத்து, வாய்க்காலிலிருந்து ஒரு மடை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். தனியாளாக உருட்டினார், தம்பி. ஒரு கையில் பீடி.

அந்தத் தொட்டியில் முக்கியெடுத்த கொத்தமல்லி வாடவே வாடாது. என் மச்சினன் ஒரு கட்டை டெல்லிக்கு ரயிலில் கொண்டு போனான். இறங்கிப் பார்த்தால் வேர் விட்டிருக்கிறது. சரி என்று தெருவில் நட்டு வைத்தான். இன்றைக்கும் அந்தத் தெருவில் ரிக்‌ஷாக்காரர்கள் அதன் நிழலில்தான் படுத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் எப்படி என்கிறீங்களா? ஆற்றுத் தண்ணீர். வழியில் கொஞ்சம் ஊருக்குள் வரும், அவ்வளவுதான். வாய்க்கால் மேட்டில் விடியற்காலையில் நாலு பேர் குந்தியிருப்பார்கள். எந்த ஊரில் குந்தவில்லை? ஓடுகிற தண்ணீர், தம்பி. நிற்பதற்கு அதற்கு நேரமேது, அழுக்காவதற்கு?

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டி யாரிடமோ அவனுக்குத்தான் வாசல் கடை. எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். தொட்டி போனால் வாசலும் போகும். வாசல் போனால் கருவாட்டு வரிசைக்குப் பின்னால்தான் இடம். அங்கே ஏற்கெனவே என் சம்பந்தி காத்தவராயன் புதினா விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய புதினாவில் துவையல் அரைத்தால் நெத்திலி வாசம் வரும். அவர் மகனுக்குத்தான் என் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் வருவதற்குள் இலையை எடுக்கச் சொன்ன புண்ணியவான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஜெபக்கனி டாக்டரம்மா வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பின்னால் ஏழெட்டு மாணவர்களோடு. ஒவ்வொரு கடையிலும் ஒரு கட்டு வாங்கித் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டார். பேரம் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இதை எங்க கழுவுறீங்க தாத்தா?" என்று கேட்டார்.

"சொந்தத் தொட்டிம்மா," என்றேன், பெருமையாக. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு குப்பியில் தண்ணீரும் பிடித்துக் கொடுத்தேன். தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நகராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. குடிதண்ணீர் வராது என்று சொல்லுமே, அதே ஆட்டோ. "பொதுமக்கள் கவனத்திற்கு! தினசரி மார்க்கெட் வாசல் கடைக் கொத்தமல்லியில் உயிருள்ள நாக்குப்பூச்சி முட்டைகள் ஏராளமாக இருப்பது பரிசோதனையில் தெரியவந்துள்ளது! கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம்!"

'ஏராளமாக' என்று சொன்னான், தம்பி. நான் அந்தச் சொல்லைக் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வரை ஒரு கட்டு போகவில்லை. காத்தவராயன் சம்பந்தி கருவாட்டு வரிசையிலிருந்து நடந்து வந்து என் கடை முன்னால் நின்று, வாசலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாலேயே அளந்தார்.

"காத்து நல்லா வருது சம்பந்தி இங்க," என்றார்.

"வரும். வந்துட்டுப் போயிரும். உங்களை மாதிரி," என்றேன். ஆனால் எனக்கு வயிறு கலங்கித்தான் இருந்தது. என் வயிறு எப்போதுமே கொஞ்சம் கலங்கும் வயிறுதான். பதினாறு இட்லி சாப்பிட்டாலும் பசிக்கும், உடம்பில் ஒட்டாது. வீட்டுக்காரி சொல்வாள், "நீங்க தின்னுறது எங்கதான் போகுதோ, உள்ளுக்குள்ள யாருக்காச்சும் பந்தி வெக்கிறீங்களா"ன்னு. எங்கள் வம்ச வாகு அது. அப்பாவும் அப்படித்தான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார், தெருநாய்கள் எழுந்து ஓடும்.

சாயங்காலம் சந்தானகோபால் சார் வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாக்கிங் ஷூ, தலையில் தொப்பி. குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"பெரியவரே, உயிரோட இருக்குன்னு மைக்ல சொன்னாங்களே. நிஜமா?"

"பெரிய படிப்புப் படிச்சவங்க சொல்றாங்க. பொய்யா இருக்குமா சார்?"

"அப்ப நீங்க பூச்சி மருந்து அடிக்கிறதில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

"மருந்து அடிச்சிருந்தா முட்டை பொழைக்குமா? விஷம் இருக்கிற எடத்துல உயிர் இருக்குமா?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டி, நாலு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மார்க்கெட் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள், டவுசர் போட்ட டாக்டர்கள், யோகா வகுப்பு மொத்தமும்.

"இதுல முட்டை இருக்கா?"

"நெறைய இருக்கும்மா."

"எங்க, ஒண்ணும் தெரியலையே?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. கண்ணுக்குத் தெரிஞ்சா அது மட்டமான முட்டை."

மற்றக் கடைகளில் போய், "உங்ககிட்ட உயிருள்ளது இல்லையா?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். மற்றவன் கீரையில் ஏதோ நாலைந்து இருந்ததாம். சம்பந்தியின் புதினாவில் ஒன்றுமே இல்லை. வாங்க ஆளில்லாமல் காய்ந்து சருகான புதினாவில் எது உயிரோடு இருக்கும்?

அந்த மனுஷன் ஒருநாள் விடிவதற்கு முன்னால் புதினாக் கூடையோடு தொட்டிக்கரையில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு முக்கு, சம்பந்தி."

"பாயசம் ஞாபகம் இருக்கா?"

"அது பரிமாறினவன் தப்பு சம்பந்தி. இன்னிக்கே காய்ச்சி வாளியோட கொண்டாறேன்."

"வாளி வந்ததும் கூடை எறங்கும்."

பாயசம் வந்தது, ஜவ்வரிசி. ஒரு வாளி முழுக்கக் குடித்தேன். அப்புறம்தான் கூடையைத் தொட்டியில் இறக்கவிட்டேன். அதற்கப்புறம் எல்லாக் கடைக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். முள்ளங்கி, வெங்காயத்தாள், கோஸ், எல்லாம் என் தொட்டியில் முங்கித்தான் மார்க்கெட்டுக்குள் போகும். தேங்காய் வியாபாரிகூட ஒருநாள் வந்தார். "உனக்கெதுக்குய்யா?" என்றேன். "எல்லாரும் முக்குறாங்களே," என்றார்.

இதைக் கேள்விப்பட்டு ஜெபக்கனி அம்மா வந்தார் பாருங்க. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கூட நகராட்சி ஆணையர். தொட்டியை உடைக்க இரண்டு ஆட்கள், கடப்பாரையோடு.

வியாபாரிகள் அத்தனை பேரும் தொட்டியைச் சுற்றி நின்றுவிட்டோம். நான் தொட்டி விளிம்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எங்கப்பா ஒத்தைக் கையால உருட்டுன தொட்டி! முதல்ல என்னை உடைங்க!"

ஆணையர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"சரி. நான் தொட்டியைத் தொடலை. இதுல கழுவுற கொத்தமல்லி நல்லதுன்னு சொல்றீங்கல்ல? இதை விக்கிற ஒருத்தர், யாராச்சும் ஒரே ஒருத்தர், ஒரு கட்டைப் பச்சையா தின்னு காட்டுங்க. நான் திரும்பிப் போயிடறேன்."

அவ்வளவு இரைச்சலாக இருந்த மார்க்கெட்டில், தம்பி, தராசுத் தட்டு ஆடுவது கேட்டது.

உங்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் எவனும் பச்சையாக எதையும் வாயில் வைக்க மாட்டான். என் வீட்டில் கொத்தமல்லியை வேக வைத்து, வடித்து, மறுபடியும் வேக வைப்பார்கள்.

"எனக்குச் செவ்வாக்கெழமை வெரதம்," என்றார் கோஸ்காரர்.

"இன்னிக்கு வியாழக்கெழமைய்யா."

"நேத்திக்கடன் தள்ளிப் போயிருச்சு."

முள்ளங்கிக்காரருக்குப் பல்வலி. வெங்காயத்தாள் விற்கிற அம்மாவுக்கு மாமியார் செத்து ஒரு வருஷம் ஆகவில்லையாம். சம்பந்தி சத்தமில்லாமல் கருவாட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார். விடுவேனா?

"சம்பந்தி, நீங்க தின்னுங்க. பொண்ணைக் கொடுத்தவன் கேக்குறேன்."

"எனக்குச் சர்க்கரை."

"கொத்தமல்லிக்கும் சர்க்கரைக்கும் என்னய்யா?"

"பொண்ணைக் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம். பூச்சியவும் சீரா குடுக்கப் பாக்குறீங்களா?"

கூட்டத்தில் யாரோ ஒரு கட்டை அங்கே திரிந்த ஆட்டின் முன்னால் போட்டார்கள். போஸ்டரையே பசையோடு தின்கிற மார்க்கெட் ஆடு, தம்பி. மோந்து பார்த்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. போய்விட்டது. கார்க்காரர்கள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தானகோபால் சார் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எனக்கு வாசல் கடை கண் முன்னால் வந்தது. அதில் காத்தவராயன் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வந்தது. ஒரு கட்டை எடுத்தேன். தொட்டியில் இன்னொரு முக்கு முக்கினேன், அது எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை, கை பழக்கம். வேரோடு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். நாரையும் சேர்த்து.

விசில் பறந்தது, தம்பி! என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஆணையர் கடப்பாரை ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா சொன்ன சொல் காப்பாற்றினார், தொட்டியைத் தொடவில்லை. என் கையில் ஒரு மாத்திரையை மட்டும் வைத்தார். "பூச்சி மாத்திரை தாத்தா. எனக்காக இதைப் போட்டுக்கோங்க," என்றார். தோற்றவர்கள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லலாமா? போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் என்ன நடந்தது என்று பஸ்ஸில் சொல்ல முடியாது. முன் சீட்டில் அம்மா ஒருவர் வடை சாப்பிடுகிறார். சுருக்கமாகச் சொன்னால், வந்தது. ஒரு சாண் நீளம். உருண்டு, வெளுத்து, பால் நிறத்தில். நான் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் போட்டு மூடி, நேராக மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சும்மா இல்லை, பிராது கொடுக்க! அந்தப் பாயசத்தில்தான் காத்தவராயன் என்னவோ கலந்து கொடுத்துவிட்டார் என்று எனக்கு நிச்சயம்.

டாக்டரம்மாவை வரவழைத்தேன். எல்லோர் முன்னிலையிலும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு முழ நீளப் பூச்சி, தம்பி, அவர் கண்ணாடியே அகலமாகிவிட்டது.

"தாத்தா, இது பாயசத்துல வந்ததில்லை. நேத்து தின்ன கொத்தமல்லியில வந்ததும் இல்லை. இவ்வளவு பெருசா வளரணும்னா மாசக்கணக்கா உங்க வயித்துலயே குடியிருந்திருக்கணும். நீங்கதான் பச்சையா எதையும் தின்னவே மாட்டீங்களே, அப்புறம் எப்படி?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்," என்றேன், கட்டுக் கட்டிக்கொண்டே. காலை வியாபாரம், கை சும்மா இருக்குமா?

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"வாயில என்ன தாத்தா?"

"நாரு."

"அதை எங்க ஊற வெச்சீங்க?"

"தொட்டியிலதான். வேற எங்க?"

அந்த அம்மா திரும்பி மார்க்கெட் முழுக்கப் பார்த்தார். கீரைக்காரி வாயில் நார். முள்ளங்கிக்காரர் வாயில் நார். வெங்காயத்தாள் அம்மா வாயில் மூன்று நார். அந்தக் கடைசியில் காத்தவராயன், வாயில் நாரோடு, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். என் தொட்டியில் ஊறிய நார்தான், அதற்கும் அனுமதி கொடுத்திருந்தேன்.

பிறகு ஒவ்வொருவராக, மெதுவாக, வாயிலிருந்து நாரை எடுத்தார்கள். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார். மறுநாள் மார்க்கெட் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் வந்தவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார்கள். நகராட்சி ஆள் ஒருத்தர் இல்லை, தம்பி. டாக்டரம்மா இல்லை. முதல் கடப்பாரையைப் போட்டது என் சம்பந்தி. நான் கத்தினேன், அழுதேன், விளிம்பில் ஏறிப் படுத்தேன். கோஸ்காரரும் முள்ளங்கிக்காரரும் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உடைத்தார்கள். நாலு துண்டு.

ஏன் உடைத்தார்கள் தெரியுமா? பொறாமை. விசாரித்துவிட்டேன், அவர்களுக்கு வந்ததெல்லாம் விரல் நீளம்தான். சம்பந்திக்கு வந்தது சேமியா மாதிரி இருந்ததாம். என்னுடையதை யாராலும் தாங்க முடியவில்லை. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். அதில் ஒருவனுக்கு மட்டும் இந்த வாசலிலிருந்து அந்த டிரைவர் சீட் வரைக்கும் வந்தால், மனுஷனுக்கு எரியத்தானே செய்யும்?

இப்போது அந்த இடத்தில் நகராட்சிக் குழாய். வாசல் கடையில் காத்தவராயன். நான் கருவாட்டு வரிசையில் இருக்கிறேன். சரி, போகட்டும். ஆனால் காலேஜில் கண்ணாடி அலமாரியில், மருந்துத் தண்ணீருக்குள் இருப்பது யாருடைய பூச்சி? டாக்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர் போடக் கூடாதாம், சட்டமாம். 'முதியவர், காய்கறி வியாபாரி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைகிறார்கள். நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். முகச்சாயல் பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று. போன வருஷம் பார்த்தபோது கொஞ்சம் இளைத்திருந்தது. கவனிப்பு போதவில்லை போல.

அது போனபிறகு ஒரு வருஷம் எனக்கு உடம்பு பெருத்துவிட்டது. சட்டை ஒன்றும் பத்தவில்லை, நாலு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும், பயந்தே போனேன். இப்போது கடவுள் புண்ணியத்தில் பழையபடி ஆகிவிட்டேன். பாருங்க, இந்தச் சட்டை கல்யாணத்துக்குத் தைத்தது. இன்றைக்குக் காலையில் பதினெட்டு இட்லி.

நாரா? நல்ல கேள்வி கேட்டீங்க. குழாய்த் தண்ணீரில் நார் ஊறாது, தம்பி. மொறமொறவென்று நிற்கும், ருசியே இருக்காது. வாய்க்கால் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. விடியற்காலையில் தூக்குவாளியோடு போய் யாருக்கும் தெரியாமல் மொண்டு வந்துவிடுவேன். அந்த நாலு பேரும் என்னைப் பார்த்தால் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

அடடா, காலேஜ் ஸ்டாப்பிங் வந்துவிட்டது போலிருக்கிறதே! பேச்சு வாக்கில் கடைசிக் கட்டைக் கட்டவில்லை. பஸ் வேறு குலுக்குகிறது. தம்பி, ஒரு உதவி. இந்த நார் முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.

கையில் இல்லை, வழுக்கும். பல்லுல.